அனுசுயாவின் ஒரு மிடறு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காபிக்கொட்டை வறுக்கும் சின்ன ஆலை ஒன்றில் அனுசுயா பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். சேர்ந்தபோது மூட்டை தைக்கும் வேலை. இப்போது வறுக்கும் டிரம்முக்கு அவள்தான் பொறுப்பு. நிறம் பார்த்துச் சொல்ல ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அது பச்சை விளக்கு காட்டுவதற்குள் அவள் மூக்கு சொல்லிவிடும், டிரம்மைத் திறந்துவிடுவாள்.

போன ஆடியில் அந்த மூக்குக்கு ஒரு பழி வந்தது.

திருமழிசைப் பக்கம் புதிதாக ஒரு பீர் ஆலை. ஸ்டவுட் என்று, டிகாக்‌ஷனைப் போல் கறுப்பாக, சாதாரண பீரைவிட இரண்டு மடங்கு காட்டமாக ஒன்றைத் தயாரித்து வெளிமாநிலங்களுக்கு அனுப்புகிறார்கள். அதில் ஊறவைக்கும் காபிக்கொட்டை இவர்களிடமிருந்துதான் போகிறது. அந்த பீர் ஆலையை நடத்தும் தினகரன் ஒரு நாள் காலை காபி ஆலை முதலாளியின் அறைக்கே வந்துவிட்டார்.

“ரெண்டாயிரம் லிட்டர் சார். வாயில வெச்சா ஒரே சாம்பல். கொட்டையைக் கருக்கி அனுப்பியிருக்கீங்க.”

முதலாளி ஆளனுப்பி அனுசுயாவை வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

“நான் கருக்கல சார். அந்த லாட்டுல எடுத்து வெச்ச கொட்டை இங்கியே கீது. கடிச்சுப் பாருங்க.”

“கொட்டையைக் கடிச்சா என்ன தெரியும்? பீர்ல இறங்கினப்புறம்தான தெரியுது” என்றார் தினகரன்.

“அப்ப அந்த பீரை நான் குடிச்சுப் பாக்கணும்.”

முதலாளி நெளிந்தார். “உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?”

“என் வேலையத் தப்புன்னு சொல்றாரு. எது தப்புன்னு நான் பாக்க வேணாவா?”

அன்றுவரை அவள் நாக்கில் மது பட்டதில்லை. கணவன் உத்தமனுக்கு போன் போட்டாள். அவன் ஆவடியில் கிரேன் ஓட்டுகிறவன். “இன்னாது, பீர் ஃபேக்டரிக்கா?” என்றான். பிறகு, “துன்னுட்டுப் போ. வெறும் வயித்துல வேணாம்” என்றான்.

பீர் ஆலையின் லேபில் இருந்த பவித்ரா முதுகைத் திருப்பிக்கொண்டு மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினாள். எதில் என்ன என்று சொல்லவில்லை. அனுசுயா துப்புவதற்குப் பாத்திரம் கேட்டாள். காபி ருசி பார்க்கும்போது அதுதான் வழக்கம்.

“துப்பினா பாதிதான் தெரியும்க்கா. பீரோட கசப்பு தொண்டையில இறங்கும்போதுதான் முழுசாத் தெரியும்.”

அனுசுயா ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மிடறு விழுங்கினாள். நடுநடுவே தண்ணீர். தொண்டை வழியே சூடு இறங்கி நெஞ்சில் பரவியது. கண்ணை மூடியே நின்றாள்.

“மொதல்ல கீறது நல்லாக் கீது. ரெண்டாவதுல காபியும் கீது, சாம்பலும் கீது. மூணாவதுல காபியே இல்ல சார். ஆனா அதே சாம்பல்.”

பவித்ரா தினகரனைப் பார்த்தாள். முதலாவது முந்தைய நல்ல சரக்கு, இரண்டாவது கெட்டுப்போனது. மூன்றாவது டம்ளரில் இருந்தது, அந்தக் கெட்டுப்போன சரக்கிலேயே காபி சேர்ப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த மாதிரி.

“காபிக் கசப்பு நாக்கோரத்துல ஏறும், எறங்கிடும். இது தொண்டையில குந்திகினு எயுந்துக்க மாட்டேங்குது. வேற இன்னா வறுத்துப் போடுறீங்க?”

“பார்லி. வெளியில வறுத்து வருது” என்றார் தினகரன்.

கிடங்குக்குப் போனார்கள். பிரித்திருந்த மூட்டைகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, நாலு தானியம் எடுத்து மென்றாள். ஐந்தாவது மூட்டையில் முகம் சுளித்துத் துப்பினாள். “இதான்.” தினகரனும் மென்றார். உள்ளுக்குள் கரியாகி, பல்லில் தூளாக உதிர்ந்தது.

“தப்பாப் பேசிட்டேன்மா” என்றார்.

“என்கிட்ட சொன்னா போதாது சார். எங்க முதலாளிகிட்ட சொல்லுங்க.”

அங்கேயே நின்று போன் செய்தார்.

வேறு பார்லி வாங்கி மறுபடி காய்ச்சினார்கள். பக்குவமானதும் தினகரனே அவளைக் கூப்பிட்டார். அவள் சொல்லச் சொல்ல பவித்ரா எழுதினாள்: ‘முதலில் கருப்பட்டிப் பாகு. நடுவில் வறுத்த வேர்க்கடலைத் தோல். காபி கடைசியில் வருகிறது, அவசரமில்லாமல். முறுகின தோசை ஓரம்போல ஒரு கசப்பு, கருகல் இல்லை. காட்டம் அதிகம். மெதுவாகக் குடிக்கவும்.’

பவித்ரா பேனாவை மூடினாள். “இதுவரைக்கும் வெளிநாட்டுக்காரங்க எழுதினதைப் பாத்துத்தான்க்கா எழுதுவேன். அந்த ருசி, இந்த ருசின்னு அவங்க சொல்ற பழம் எதையும் நான் தின்னதே இல்ல.”

அந்த வரிகளை பாட்டிலின் பின்பக்கம் தமிழிலேயே அச்சடிக்கத் தினகரன் அனுமதி கேட்டார். “பேரு போடுவீங்களா?” என்றாள் அனுசுயா. போட்டார்கள்: அனுசுயா, காபி வறுப்பாளர், அம்பத்தூர்.

அவள் குடியிருக்கும் அயனம்பாக்கத்தில் எதிர்வீட்டு அஞ்சலை வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். “இன்னாடி, பீர் குடிக்கப் போறியாமே?”

“ஒரு மொடக்கு. அதுக்கு ஒரு ரிப்போர்ட். ஃபுல் பாட்டில் குடிக்கிற உன் ஊட்டுக்காரரை ஒரு வரி எய்தச் சொல்லேன், பாப்போம்.”

மார்கழியில் அடுத்த சரக்கை ருசி பார்க்கவும் அவளைக் கூப்பிட்டார்கள். லாரி வாசலில் நின்றது. அனுசுயா ஒரு மிடறு விழுங்கிவிட்டு, வேண்டாமென்று தலையசைத்தாள். “இன்னும் ரெண்டு வாரம் ஆவணும் சார். காட்டம் இன்னும் கலக்காம தனியா நிக்குது.”

தினகரன் லாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வெளியே போய் டிரைவரிடம் பேசினார். லாரி காலியாகவே திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி உத்தமன் சொன்னான்: “என் ஊட்டுக்காரி சரின்னாத்தான் மாமே அங்க டேங்க்கே தொறக்கும்!”