பானைக்குள் போட்ட வருமானம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி வெயில் பனைகளின் தலையில் தீ வைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கொடிகாமத்துக்கு அப்பால் எங்கள் ஊர் வாசிகசாலையில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு ஒருமுறை துள்ளும்.

கிணறுகள் உவராகிக்கொண்டு வந்த காலம். தேநீரில் சீனிக்கு முன் உப்புத்தான் நாக்கில் ஏறும். நல்ல தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டப்போகிறார்கள், வருமானம் குறைந்த ஊருக்குத்தான் முதலிடம் என்று கதை. வீடு வீடாக வந்து கணக்கெடுத்த இளம் அதிகாரி, அன்று முடிவைச் சொல்ல வந்திருந்தாள்.

"வருமானத்தின்படி உங்கடை வீடுகளை வரிசையா நிப்பாட்டினால், சரி நடுவிலை எந்த வீடு நிக்குதோ, அதின்ரை வருமானத்தைத்தான் ஊரின்ரை நிலை எண்டு எடுக்கிறம்," என்றாள். "வெளிநாட்டுக் காசு வாற ஒண்டிரண்டு பெரிய வீடுகள் கணக்கைக் குழப்பக்கூடாது, அதுக்குத்தான். ஆனால் போன கணக்கெடுப்போடை பாத்தால், அந்த நடுவீடே மூண்டு மடங்கு உயந்திட்டுது. தாங்கி வேறை ஊருக்குப் போகுது."

"ஆரின்ரை வீடு, பிள்ளை, உயந்தது? எங்களுக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன், பாத்திட்டாவது வாறம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் கொதித்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன், ஜன்னலடிக்குப் போனேன், திரும்பி வந்தேன். வெளியே தெரிந்த கிடுகு வேலியைப் பார்த்தபோதுதான் சட்டென்று விளங்கியது. அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன் கணக்கெடுத்தது வெள்ளத்துக்குப் பிறகு. நிவாரணம் வரும் என்று நம்பி, மோட்டார் சைக்கிளை வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, 'ஒண்டுமில்லை' என்று கை விரித்த ஊர் இது. இம்முறை கேட்டது வாசல் படலையடியில், உரத்த குரலில், கலியாணப் பேச்சுகள் நடக்கும் மாதத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் அயலட்டையின் காது. யார்தான் குறைத்துச் சொல்வார்?

"அப்ப நிவாரணத்துக்கு அழுதம், இப்ப கலியாணத்துக்கு நெஞ்சை நிமித்தினம்!" என்று கத்தியேவிட்டேன். "ரெண்டு பொய்க்கும் நடுவிலை ஊர் பணக்காரனாப் போச்சு!"

குபீர் என்று ஒரு சிரிப்பு, கூரைத் தகரம் அதிர.

ஊரில் சீட்டுப் பிடிக்கும் அக்கா எழுந்தார். "சீட்டுக் கேக்கேக்கை தொகையை எழுதி மடிச்சுப் பானைக்குள்ளை போடுறியள்தானே. அதைப் போலை இப்ப போடுங்கோ. பேர் வேண்டாம். வெள்ளைத் துண்டிலை இந்த வருச வருமானம், மஞ்சள் துண்டிலை வெள்ளம் வந்த வருசத்தது. பொய் எழுதிறவையின்ரை தேத்தண்ணி இன்னும் உவர்க்கும், சொல்லிப்போட்டன்."

பானை வந்தது. முற்றத்தில் இரண்டு கொடிக்கயிறு கட்டினோம், வெள்ளைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. துண்டுகளைச் சிறிய தொகையிலிருந்து பெரிய தொகைக்கு வரிசையாகக் கொழுவிக்கொண்டு நான் ஓடினேன். வியர்வை கண்ணில் வழிந்ததும் தெரியவில்லை. பிறகு ஒரே நேரத்தில் இரண்டு அந்தத்திலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். மாட்டுவண்டிச் சவாரித் திடல் தோற்றது, அப்படி ஒரு கூச்சல். "அங்காலையும் கழட்டு! இஞ்சாலையும் கழட்டு!" காற்றில் படபடத்த அத்தனை வாழ்க்கையும் உதிர்ந்து, ஒவ்வொரு கொடியிலும் ஒரே ஒரு துண்டு எஞ்சியது.

அதிகாரி கைபேசியில் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "தொகை கொஞ்சம் கூடித்தான் இருக்கு. ஆனால் சாமான் விலை ஏறினதைக் கழிச்சால் நடுவீடு ஏறேல்லை, இறங்கித்தான் நிக்குது."

ஊர் கைதட்டியது. அவள் கையை உயர்த்தினாள். "பேரில்லாத துண்டை நான் கந்தோரிலை மேலதிகாரிக்குக் காட்ட ஏலாது. 'நான் முந்திச் சொன்னது பிழை' எண்டு ஆராவது பேரோடை எழும்பினால்தான், திரும்பக் கணக்கெடுக்கக் கேக்கலாம்."

கைதட்டல் அப்படியே அணைந்தது. முன்வரிசையில் கலியாணத் தரகர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த எங்கள் வெங்காயத் தோட்டக்கார அண்ணை, தலையைக் குனிந்தபடி.

பெண்கள் பக்கத்திலிருந்து அந்த மகளேதான் கதைத்தாள். "அப்பா, எழும்புங்கோ. இல்லாத காசைப் பாத்து வாறவர் இருக்கிற என்னைப் பாக்க மாட்டார்."

அண்ணை எழுந்தார். வேட்டியை ஒருமுறை இறுக்கிக் கட்டினார். "நான் சொன்னது பிழை, பிள்ளை. பாதியை வெட்டு."

"நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றார் தரகர், காதைப் பொத்திக்கொண்டு. கூடம் சிரித்தது, அந்தச் சிரிப்போடு இன்னொருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர், பிறகு கதிரைகள் நகரும் சத்தம் மட்டுந்தான். நானும் எழுந்து நின்றேன். என் தொகையிலும் வெட்டக் கொஞ்சம் இருந்தது.

அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. மறு கணக்கெடுப்பு வந்தது, இம்முறை வீட்டுக்குள்ளே கதவைச் சாத்தி, மெல்லிய குரலில். அடுத்த வருட மாரிக்கு முன் தாங்கியும் வந்தது. முதல் குடத்தை அந்தப் பெண்ணையே பிடிக்கவைத்தோம், ஒரு மிடறு குடித்துவிட்டு, "உப்பில்லை!" என்று தகப்பனைப் பார்த்துக் கத்தினாள்.

கொடியில் கடைசியாக எஞ்சிய துண்டு எந்த வீட்டினுடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும், ஊர் ஏறியதா இறங்கியதா என்று அளக்க உண்மை பேசும் ஒரு வீடு முதலில் எழுந்து நிற்கவேண்டும் என்பது, குளிர்ந்த தண்ணீராய் என் கைகளில் விழுகிறது.