ஆறு மவுஸ் பேடும் ஒரு சோபாவும்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய மவுஸ் பேட் கிடைத்தது. என் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, சூடான பாத்திரம் வைக்கிறதா?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நடுவில் இரண்டு இடத்தில் துணி தேய்ந்து ரப்பர் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சைக்கிள் கடை வாசனை. இத்தனை வருஷம் கழித்தும் அது போகவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் கூட.

அந்தத் தேய்மானம் மவுஸால் வந்ததில்லை. பென்சிலால் வந்தது. சொல்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டாருக்கு மதுரை தாண்டினாலே வடக்கு. நான் ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா எனக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வைத்தாள். குகட்பள்ளி வெயிலில் அவை பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. ஆனால் ஆபீஸ் ஏ.சி. குளிரில் பயன்பட்டிருக்கும், எடுத்துப் போகத்தான் புத்தி இல்லை. மூன்றாவது மாடியில் டிரெயினிங் ரூம் என்று ஒரு ஹால். அமெரிக்காவில் கம்பெனிகள் படுத்துக்கொண்ட சமயம் அது. பிராஜெக்ட் இல்லாத நாற்பது பேரை அதில் உட்கார வைத்திருந்தார்கள். இதற்கு பெஞ்ச் என்று பெயர். பெஞ்ச் ஒன்றும் கிடையாது, நல்ல சுழல் நாற்காலிதான். காலை ஒன்பதுக்கு கார்டைத் தேய்த்து உள்ளே போனால் மாலை ஆறுவரை சும்மா இருக்க வேண்டும். நான் கம்ப்யூட்டரில் சீட்டாடியே ஒரு மழைக்காலத்தைக் கழித்தேன். ஆறு மாதம் பிராஜெக்ட் கிடைக்காவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை எச்.ஆரிலிருந்து கூப்பிடுவார்கள். அப்படிப் போனவர் டிபன் டப்பாவை எடுக்கக்கூடத் திரும்பி வந்ததில்லை.

எங்களில் மிகக் குறைந்த நாள் மிச்சமிருந்தது முத்துப்பாண்டிக்கு. ஜனவரியோடு ஆறு மாதம். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன். வேலையே இல்லாத அந்த ஹாலில் தினமும் டை கட்டிக்கொண்டு வந்தவன் அவன் ஒருவன்தான். அமெரிக்க பேங்க் ஒன்றுக்கு வேலை செய்வதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தான். அவன் அப்பா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போன் போட்டு, "பேங்க்கு எப்படிப்பா ஓடுது?" என்று கேட்பாராம். இவன், "நல்லா ஓடுதுப்பா" என்பானாம். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

டிசம்பரில் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம். குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு அமெரிக்காவிலிருந்து கம்பெனிப் பெரியவர் வருகிறார், நிகழ்ச்சி தர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். நான் கான்வென்ட் பள்ளி பேண்டில் நாலு வருஷம் சைடு டிரம் அடித்தவள். மூளையில் பல்பு எரிந்தது.

"பாண்டி, பேண்டு போடுவோம். பெரியவரு கண்ணுல ஒரு தடவ பட்டுட்டா போதும்ல. உன்னைய எப்படி அனுப்புவாங்க?"

"எனக்கு வீட்டுக் கதவத் தட்டத்தான்க்கா தெரியும்."

"அதுபோதும். உனக்குத்தான் பெரிய டிரம்மு. நடுவுல நில்லு, நல்லாத் தெரியும்."

ஹாலில் இன்னும் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். டிரம்முக்கு எங்கே போவது? எங்கள் ஆபீஸில் நாற்காலி, பல்பு, தண்ணி கேன் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் ஜோசப் அண்ணன். தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர்கள் காலனி பேண்டில் ஆறு சைடு டிரம், ஒரு பாஸ் டிரம் இருந்தது. கேட்டவுடன், ஹைதராபாத் உருது கலந்த தன் தமிழில், "ஹவ், தரேன். ஆனா இங்க வச்சு பிராக்டிஸ் நக்கோம்மா. பக்கத்து ரூம்ல கிளையண்ட் கால் போகுது, என் வேலை போயிடும்" என்றார். பிறகு அவரே ஸ்டோரிலிருந்து ஆறு மவுஸ் பேட் எடுத்து வந்தார். "இதுல அடி. சத்தமே வராது. ஆனா கணக்கு வேணும்." ஒரு தாளில் எங்கள் ஆறு பேரின் பெயரும் எம்ப்ளாயி நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆக, ஏழு பேர் கொண்ட எங்கள் டிரம் படை சத்தமில்லாமல் பிறந்தது. இடது இடது, வலது வலது. பேண்டுக்காரர்கள் இதை டாடி மம்மி என்பார்கள். ஆளுக்கு இரண்டு பென்சில். பாண்டிக்கு மவுஸ் பேட் போதாது, பாஸ் டிரம்முக்குக் கையை வீசி அடிக்க வேண்டும். ஹால் மூலையில் ரிசப்ஷனிலிருந்து கழித்துக்கட்டிய சோபா ஒன்று கிடந்தது. குடைக்கம்பில் பழைய சாக்ஸைச் சுற்றி அதன் முதுகில் அடித்தான். சோபா எல்லாச் சத்தத்தையும் விழுங்கியது. நான் வாத்தியாரம்மா தோரணையில், "பலமா அடி பாண்டி, கேக்கவே இல்ல" என்று தினமும் விரட்டினேன். ஒரு மாதத்தில் சோபாவிலிருந்து பஞ்சு வந்தது.

நிஜ டிரம்கள் அன்று காலைதான் இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கின. கார் நிறுத்துமிடத்தில்தான் கொடிக்கம்பம். வாரை மாட்டிக்கொண்டு நின்றோம். ஜோசப் அண்ணன் தலையாட்டினார். பாண்டி சோபாவை அடித்த அதே வீச்சில் முதல் அடி போட்டான்.

ஐயோ, அந்தச் சத்தம்! பின்னால் நின்ற அத்தனை கார்களும் ஒரேயடியாக அலற ஆரம்பித்தன. மேனேஜர்கள் சாவியை நீட்டிக்கொண்டு தங்கள் தங்கள் காரைத் தேடி ஓடினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்த எங்களுக்குத் தெரியாது, அதை நான் சொல்லித்தரவே இல்லை. பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் பேண்டைக் காட்டி எச்.ஆர். பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். "பேண்ட்ல இருக்கிற எல்லாரையும் பிராஜெக்ட்ல போடச் சொல்லிட்டார். பேரும் நம்பரும் உடனே வேணும், ஏர்போர்ட் கிளம்புறார்." என் ஒரு கையில் சமோசா. யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜோசப் அண்ணன் கை ஃபைலில் பெயரும் நம்பருமாக அச்சடித்த மாதிரி ஒரு தாள் இருந்ததே, அதை உருவிக் கொடுத்தேன். என் சுறுசுறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமைக்குள் எங்கள் ஆறு பேருக்கும் அழைப்பு வந்தது. பாண்டிக்கும் வரும் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது, எச்.ஆரிலிருந்து. நான் மாடிப்படியில் ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் சண்டைக்கு நின்றேன். அவள் தாளை எடுத்துக் காட்டினாள். "நீங்க ஆறு பேர்தானே கொடுத்தீங்க?" அது மவுஸ் பேட் வாங்கியவர்களின் பட்டியல். சோபாவை அடித்தவன் அதில் எப்படி இருப்பான்? ஒரு பெயர் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். கையெழுத்தாகிவிட்டது, முடியாது என்றாள்.

லிஃப்ட் வாசலில் பாண்டி பையோடு நின்றான். டை கட்டியிருந்தான். "ஏன்க்கா, ரொம்பப் பலமா அடிச்சிட்டேனோ? காரெல்லாம் கத்துச்சே, அதான் என்னைய மட்டும்..." என்றான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. புதிதாகக் கிடைத்த பிராஜெக்ட் கார்டு என் கழுத்தில் தொங்கியது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "அப்படியெல்லாம் இல்ல பாண்டி" என்று மட்டும் முனகினேன். லிஃப்ட் மூடிக்கொண்டது.

அந்தக் கட்டிடத்தில் இப்போது பட்டுப்புடவைக் கடை. மூன்றாவது மாடியில் கல்யாண செக்‌ஷனாம். ஜோசப் அண்ணன் இல்லை. எங்கள் ஆறு பேரில் யாரும் அதற்குப் பிறகு டிரம்மைத் தொடவில்லை, அந்த ஒரு நாளோடு சரி. பாண்டியின் பழைய ஈமெயில் முகவரிக்கு மூன்று தடவை எழுதினேன், மூன்றும் திரும்பி வந்தன. அருப்புக்கோட்டைக்காரர் யாரைப் பார்த்தாலும் விசாரிக்கிறேன், முத்துப்பாண்டி என்ற பெயரில் அங்கே ஊருக்கு நூறு பேர்.

எங்கேயோ இருக்கிறான். தன் கைதான் தன் வேலையைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருப்பான். பாண்டி, நீ சரியாகத்தான் அடித்தாய். அவ்வளவு பலமாக அடிக்கச் சொன்னது நான். உன் பெயரை எழுதாமல் விட்டதும் நான்.