நாடாவில் இருந்த இருமல்

மேனேஜர் நாற்காலிக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், உழைப்பு என்று சொல்வேன். பச்சைப் பொய். ஒரு போலி இருமலால் வந்தேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வாரம் அது. வட்டார வானொலி நிலையத்தில் தமிழ்ப் பகுதிக்கு நான் உதவியாளன். ஊர்மக்களின் வாழ்த்துகளைப் பதிந்து வரச் சொன்னார் மேனேஜர். ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு மலாக்காவின் காஜா பெராங்கில், செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குள், துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வீட்டுக்குப் போனேன். மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். சாமி பெயரும் சில சொற்களும்தான் தமிழ். அவரும் தன் மலாயில் பேசினார். நாடு நன்றாயிருக்கட்டும் என்றார். பிறகு, மூவாரில் பிள்ளை பெற்றிருந்த மகளிடம், தொட்டில் கட்டிவிட்டேன், தீபாவளிக்கு வந்துவிடு என்றார். வியாழக்கிழமை ரேடியோ பக்கத்திலேயே இருக்கச் சொல்லி அவளுக்குக் கடிதமும் போட்டிருந்தார்.

மேனேஜர் கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தார். “தமிழ் நிகழ்ச்சியில இவரு என்னய்யா மலாய் பேசுறாரு? மேல கேட்டா நான் என்னா சொல்றது? அழிச்சிட்டு நீயே பேசு. எவனுக்குத் தெரியப் போவுது.”

கிராணியின் மகள் காத்திருப்பாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பல்லைக் காட்டினேன். அதே ஒலிநாடாவில், அவர் குரலின் மேலேயே, செந்தமிழில் தேசத்தை வாழ்த்தினேன். வயதான குரலாகத் தெரியட்டும் என்று நடுவில் இரண்டு முறை இருமவும் செய்தேன். மேனேஜர் கைதட்டினார். பேசியவர் என்று நாடா டப்பாவில் கிராணியின் பெயரை எழுதிய கையும் இதுதான். சீக்கிரமே பதவி உயர்வு வந்தது.

ஒலிபரப்பான மறுநாள் கிராணி வந்தார், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சுவாரா சாயா மானா, என்சே?” என் குரல் எங்கே, ஐயா என்றுதான் கேட்டார். மிஷின் கெட்டுவிட்டது என்றேன். சிரமம் கொடுத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் எனக்கு ஏறுமுகம்தான். தொலைக்காட்சி வந்தபோது அதன் வட்டார வேலையும் என் கைக்கு வந்தது. விருந்துகளில் என் உச்சரிப்பைப் புகழ்வார்கள். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தக் கிராணியின் மகள் என் அறைக்கு வந்தாள். அப்பா இறந்துவிட்டார், படம் இருக்கிறது, குரல் இல்லை என்றாள் மலாயில். “அன்றைக்கு ரேடியோவில் யாரோ பேசினார்கள். மிஷின் கெட்டுவிட்டதாம், அப்பா சொன்னார். நாடாவில் சரியாக இருக்குமல்லவா?”

இல்லை என்று நான் வாயெடுப்பதற்குள் நாடா அறைப் பெண் அவர் பெயர் போட்ட டப்பாவைக் கொண்டுவந்து ஓட்டிவிட்டாள். மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதல் இருமல் வந்தது. என்னையறியாமல் நான் நிஜமாகவே இருமிவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

“புக்கான் பாப்பா,” என்றாள். அப்பா இல்லை. “இத்து என்சே.”

அது நீங்கள்.