சுவர் பாட்டை நிறுத்திய நாள்

படபடா என்பது அவளுடைய பெயர் இல்லை. ஆனால் தோண்டி எடுத்த சாமான்களைக் கழுவும் அந்தக் கொட்டகையில் பதினொரு வருஷமாக வேறு பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கதவை யாராவது பட்டென்று சாத்தினால் நெஞ்சில் கை வைப்பாள். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று எழுந்து நிற்பாள். காலேஜுக்குப் போன மகள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் போதும், பஸ் கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது வரைக்கும் மனதுக்குள் பார்த்து முடித்திருப்பாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா ஒரு பாழுங்கிணற்றில் தூர் எடுக்க இறங்கினார். ஏறி வரவில்லை. உள்ளே தண்ணீர் இல்லை, பாம்பு இல்லை, வெறும் கெட்ட காற்று. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆளைக் கொன்றுபோடும் என்று பால்பல் விழுகிற வயதிலேயே தெரிந்துகொண்டவளிடம், பயப்படாதே என்று சொன்னால் கேட்பாளா?

குன்றுக்கு அடியில் ஓர் ஊரையே கண்டுபிடித்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று அடுக்கு. யார் கட்டினார்கள், வெயிலும் மழையும் உள்ள பூமியை விட்டுவிட்டு உள்ளே போய் ஏன் குடியிருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கே கிடைக்கும் சாமான்கள் மண்ணும் சேறுமாகத் தட்டில் வந்து இறங்கும். படபடாவும் குண்டூசியும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகக் கழுவி, நம்பர் அட்டை கட்டி, காய வைப்பார்கள். குண்டூசி வயதில் சின்னவள், ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அவளுடைய வீட்டுக்காரர் கீழே மண் வெட்டுகிறவர். படபடாவின் வீட்டுக்காரர் தோண்டிய சுரங்கம் சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிறவர். கீழே இறங்கும் ஏழு பேர் குழுவில் இருவரும் இருந்தார்கள்.

பூமிக்குள் ஊர் கட்டிய அந்த ஜனங்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெயிலைக் கீழே இறக்குவதற்குப் பளபளவென்று தேய்த்த செம்புத் தகடுகள் வைத்திருந்தார்கள். ஒரு தகடு வெளிச்சத்தை அடுத்த தகட்டுக்குத் தள்ளும், அது அடுத்ததற்கு. ஆள் உயரக் கல் கதவு ஒற்றை விரலுக்கு உருளும். இருட்டில் கை வைத்து நடக்கச் சுவர் நெடுகிலும் வரிப்பள்ளம் செதுக்கியிருந்தார்கள், பெரியவர்களுக்கு ஒரு உயரத்தில், குழந்தைகளுக்கு அதற்குக் கீழே இன்னொன்று. "பிள்ளை பெத்தவ எவளோ சண்டை போட்டுத்தான் ரெண்டாவதைச் செதுக்க வச்சிருப்பா" என்பாள் குண்டூசி.

அதிகமாக வந்தவை சுட்ட மண் உருண்டைகள். கோழிமுட்டை அளவு, ஒரு பக்கம் கீற்று, மறுபக்கம் துளை. சுவரில் பத்தடிக்கு ஒன்றாக விளக்குமாடம் போலப் பிறை வெட்டி, அதில் பதித்து வைத்திருந்தார்கள். முதல் இரண்டு அடுக்கிலிருந்து மட்டும் நானூறுக்கு மேல் பெயர்த்து எடுத்தாகிவிட்டது. தோண்டும் வேலையை நடத்துகிற ஆபீசர் அவற்றை 'வழிபாட்டுப் பொருள்' என்று எழுதி வைத்தார். அவருக்கு விளங்காத எதுவும் வழிபாட்டுப் பொருள்தான், ஒரு சீப்பைக்கூட முதலில் அப்படித்தான் எழுதினார்.

மூன்றாம் அடுக்கில் உருண்டைகள் இன்னும் சுவரிலேயே இருந்தன. "கீழ சுவர் பாடுதுடி" என்று வீட்டுக்காரர் வந்து சொன்னதிலிருந்து படபடாவுக்குத் தூக்கம் போயிற்று. தாலாட்டு மாதிரி ஒரே சுருதியில் ம்ம்ம் என்று கேட்கிறதாம். பேயா என்று கேட்டாள்.

"பேயா இருந்தாலும் உன்னைவிடச் சத்தம் கம்மிதான்" என்றார் அவர். மனிதருக்கு எதற்கெடுத்தாலும் விளையாட்டு.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட மேலே வந்தவர், தூக்குப் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார். "காலையிலேர்ந்து பாட்டு நின்னுபோச்சு. அப்பாடான்னு இருக்கு. தலைதான் லேசா வலிக்குது." படபடா மாத்திரை கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கிப் போனார்.

இரண்டு நாள் மழையில் வெயிலே இல்லாததால், சாமான்களை உலர்த்த ஆபீஸிலிருந்து ஒரு பெரிய மின்விசிறி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். படபடா நாற்பது உருண்டைகளைக் கழுவிக் கம்பித் தட்டில் வரிசையாக அடுக்கி, விசிறியைத் தட்டிவிட்டாள். கொட்டகை முழுக்க ம்ம்ம் என்று எழுந்தது. எல்லாம் ஒரே சுருதி. முதலில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"காதைக் குடையுது அக்கா" என்று குண்டூசி விசிறியை நிறுத்தினாள். சத்தம் அடங்கியது.

படபடாவின் சிரிப்பும் அதோடு போயிற்று. காற்று வந்தால் பாடும், வராவிட்டால் பாடாது. பூமிக்குள் குடியிருந்தவர்கள் சாமி கும்பிட இதை வைக்கவில்லை. மேலேயிருந்து நல்ல காற்று வருகிறதா என்று தூக்கத்திலும் காதில் விழுந்துகொண்டே இருக்க வைத்திருக்கிறார்கள். பாட்டு நின்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கீழே காலையிலிருந்து பாட்டு இல்லை.

ஆபீசர் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"போன மாசம் சுவர்ல விரிசல்னீங்க, அது சிலந்தி வலை" என்றார் ஆபீசர். கோபமாகக்கூட இல்லை. "அதுக்கு முன்னாடி பூகம்பம்னீங்க, அது லாரி. காத்து அளக்கிற மீட்டர் ரிப்பேர்ல இருக்கு, நாளைக்கு வந்துடும். போய் உட்காருங்கம்மா."

சுரங்கத்தில் இருப்பவர்களோடு பேசக் கொட்டகைச் சுவரில் ஒரு போன் இருந்தது. கீழே அதன் மறுமுனை ஏணிக்குப் பக்கத்தில், அவர் மரம் அறுக்கிற இடத்திலேயே இருந்தது. எடுத்தது அவர்தான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பார், போனை வைப்பார், வேலையைப் பார்ப்பார்.

"பொண்ணு மாடிப்படியில விழுந்துட்டா. ரத்தம் நிக்கலை. நீங்க உடனே மேல வாங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற குண்டூசி கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாது அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லி அவளே அழுதாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு செருப்பைக்கூடத் தேடாமல், வண்டி பிடித்து வருகிறேன் என்று ரோட்டுக்கு ஓடினாள். படபடா அவளைத் தடுக்கவில்லை. அவள் காதெல்லாம் ஏணிப்படியிலேயே இருந்தது.

அவர் ஏறி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்க அவ?"

"அவ நல்லா இருக்கா. கீழ காத்து கெட்டுப்போச்சு. பொய் சொன்னாத்தான் வருவீங்கன்னு..."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. தன் காலின் நடுக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மத்தவங்ககிட்ட சொன்னியா?"

படபடா இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் போனைப் பிடுங்கிச் சுழற்றினார். கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற ஆறு பேரும் கோடி அறையில் இருந்தார்கள், அங்கே மணி கேட்காது. அவர் போனைத் தொங்கவிட்டுவிட்டு ஏணிக்குத் திரும்பினார். அவள் அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"விடு" என்றார். அவள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு இறங்கினார். சத்தம் கேட்டு ஓடி வந்த ஆபீசர், அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அந்த மட்டுக்கும் அந்த மனிதரைப் பாராட்டத்தான் வேண்டும்.

இருபத்தைந்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மூன்று பேர் தள்ளாடி வந்தார்கள். அப்புறம் ஆபீசர் ஒருவரைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார். ஐந்தாவது ஆளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கடைசியாக அவளுடைய வீட்டுக்காரர், முதுகில் குண்டூசியின் வீட்டுக்காரரைச் சுமந்துகொண்டு. நினைவில்லாத அந்த மனிதரின் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் குண்டூசி வண்டியோடு வந்து இறங்கினாள். படபடாவின் மகளுக்காகப் பிடித்த வண்டி. அதில் தன் புருஷனைக் கிடத்திக்கொண்டு போனாள்.

எல்லோரும் பிழைத்தார்கள். குண்டூசியின் வீட்டுக்காரர் கண் விழிக்க நான்கு நாள் ஆயிற்று. பாட்டு நின்றதற்கு முந்தின நாள் சாயங்காலம் லாரிக்காரர் ஒருவர் குன்றின் மேலே ஒரு பள்ளத்தில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார், அதுதான் காற்று இறங்கும் வழி. ஆபீசர் அட்டையை எல்லாம் மாற்றி 'காற்று அறிவிக்கும் கருவி' என்று எழுதினார். பேப்பரில் படபடாவின் படம் வந்தது, ஏழு உயிரைக் காத்த பெண் என்று. மற்ற ஆறு பேருடைய வீட்டிலிருந்தும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒருவரைத்தான் கூப்பிட்டாள் என்பதை அவளுடைய வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பஸ்ஸுக்கும் போனுக்கும் பயந்தவள் இப்போது குண்டூசிக்குப் பயந்தாள். குண்டூசி திரும்ப வேலைக்கு வந்து, அதே தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். சிரித்தாள், பேசினாள், முன்னை மாதிரி இல்லை. அவள் ஒவ்வொரு முறை தலை நிமிரும்போதும் படபடா குனிந்து பிரஷ்ஷை வேகமாகத் தேய்த்தாள். பதில்களை எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தாள். பதட்டத்தில் தோணலை, எனக்கே புத்தி பேதலிச்சுப்போச்சு, ஆபீசர் கேட்கலை. ராத்திரி படுக்கையில் சொல்லிப் பார்த்தபோது எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

ஒரு மாதம் கழித்து, ஒரு செம்புத் தகட்டைத் தேய்த்துக்கொண்டே குண்டூசி கேட்டாள். "அன்னைக்கு உன் பொண்ணுக்கு வண்டி தேடி வெறுங்காலோட ஓடினேன்ல, அக்கா."

"ஆமா."

"அப்போ என் வீட்டுக்காரரும் கீழதான் இருக்கார்னு உனக்குத் தெரியும்தானே?"

படபடா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"தெரியும்" என்றாள் படபடா.

குண்டூசி தகட்டைத் தண்ணீரில் அலசி, துடைத்து, நம்பர் அட்டையைக் கட்டினாள். பிறகு தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரத்துத் தொட்டிக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருவரும் அதே கொட்டகையில்தான் வேலை பார்த்தார்கள், வெவ்வேறு தொட்டியில்.