தாளில் இல்லாத எதிர்காத்து

வாழை இலைக் கட்டு ஏற்றிச் சின்னமனூரில் இருந்து தேனிக்குச் சைக்கிள் மிதித்தேன். பதினாலு வருசம். அதைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டவர் ஒரே ஒருத்தர்தான்.

மதுரைப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். என் வயசுதான் இருக்கும். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஓட்டும்போது என்ன தோணுது என்று ஆராய்ச்சி பண்ணி, மேல்பட்டம் வாங்க வந்திருந்தார். ஆடி மாசம். தேனியில் சுமைச் சைக்கிள்காரர்கள் நாங்கள் டீ குடிக்கிற கடையில் உட்கார்ந்து, அச்சடித்த தாளை வைத்து ஒவ்வொருத்தராகக் கேட்டார். சைக்கிள் யாருடையது? தினம் எத்தனை மைல்? சுமையோடு ஓட்டுவது சிரமமா?

அப்போது சைக்கிளுக்கு வருசா வருசம் வரி கட்டி, அதற்குத் தர்ற தகர வில்லையை வண்டியில் மாட்ட வேண்டும். எங்களில் பாதிப் பேர் மாட்டவில்லை. தாளும் பேனாவுமாக ஒருத்தர் வந்தால் வேறு எதற்கு வருவார்? சைக்கிள் மச்சானோடது என்றான் தயிர்க்காரன். நானும் அதையே சொன்னேன். எனக்கு மச்சானே கிடையாது. சிரமமா என்றதற்கு எல்லாரும் இல்லை என்றோம்.

மூணாம் நாள் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொந்தச் சைக்கிள் இல்லையாண்ணே?"

"மச்சானுக எல்லாம் நடந்து போறாக போல" என்றார் டீக்கடைக்காரர்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் எழுதிக் கொடுத்த ஆராய்ச்சியை யூனிவர்சிட்டியில் ஒரு தடவை திருப்பிவிட்டார்களாம். இதுவும் போனால் பட்டம் இல்லை. லீவு இன்னும் நாலு நாள்.

வரிக்காரன் இப்படி நொந்துகொள்ள மாட்டான் என்று பட்டது. தாளை இங்கன வைத்துவிட்டு, வாடகைச் சைக்கிள் ஒன்று எடுத்துக்கொண்டு என்னோடு வரச் சொன்னேன். இலையை ஓட்டலில் இறக்கியாச்சு. வெறும் வண்டி. சுமை இல்லாமல் போவதில் பார்க்க என்ன இருக்கு என்றார். நான் ஏறி மிதித்தேன்.

பழனிசெட்டிபட்டி வரை வீடுகள் மறைப்பு. தாண்டியதும் மேகாத்து, மேற்கே இருந்து அடிக்கிற காத்து. ஆடியில் அது கம்பத்துப் பக்கமிருந்து வாய்க்கால் உடைத்த தண்ணி மாதிரி வரும். அவர் வண்டி நின்றுவிட்டது. பிரேக்கை அவர் தொடவில்லை, காத்துதான் நிறுத்தியது. குனிந்து மிதித்தார். மறுபடி நின்றது. கண்ணில் மண். என் பின்னால் ஒட்டி வரச் சொன்னேன். வந்தார். வீரபாண்டி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு.

ஆத்தோரம் உட்கார்ந்தோம். மூச்சு வாங்கி முடித்துக் கேட்டார்.

"சுமையோட வர்றப்பவும் இப்படியா?"

"அப்ப காத்து முதுகுல. இலையையும் சேத்துத் தள்ளிரும். சிரமமில்லன்னு சொன்னோம்ல, அது மட்டும் நெசம்."

வெறும் வண்டியோடு திரும்புவதைப் பற்றித் தாளில் கேள்வியே இல்லை. அதை அவரேதான் சொன்னார். பிறகு, இந்தக் காத்தில் மிதிக்கும்போது என்ன நினைப்பு ஓடும் என்றார். வீட்டில்கூட அதைச் சொன்னதில்லை. யோசித்தேன்.

"முன்சக்கரத்த மட்டும் பாப்பேன் சார். ரோட்டைப் பாத்தா இன்னும் எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சிரும்."

எழுத நோட்டு இல்லை. வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் டீக்கடையில் சொன்னேன். சார் வரிக்கு வந்த ஆளில்லை, நேத்து எதிர்காத்தில் வீரபாண்டி வரைக்கும் மிதித்தார் என்று. யாரும் நம்பவில்லை. வாத்தியார் பெஞ்சில் உட்காரப் போய், முகம் சுளித்து எழுந்து, நின்றே டீ குடித்தார். தயிர்க்காரன் அதைக் கவனித்தான்.

"சரி சார், வண்டி என்னுதுதான்" என்றான்.

அப்புறம் எல்லாரும் வாய் திறந்தார்கள். ஒருத்தன் எதிர்காத்தில் பாடுவானாம், யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில். தயிர்க்காரன் பொண்டாட்டியோடு போட்ட சண்டையை மனசுக்குள் மறுபடி போட்டு ஜெயிப்பானாம். மிச்ச நாளும் அவர் ஒவ்வொருத்தன் பின்னாலும் ஓட்டிப் போனார். இறங்கிய பிறகுதான் கேட்டார். அச்சடித்த தாளை எடுக்கவே இல்லை.

தை மாசம் டீக்கடைக்கு அவர் போட்ட கார்டு வந்தது. ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டார்களாம்.

பட்டத்தில் பாதி எனக்குச் சேரணும் என்றான் தயிர்க்காரன். அன்றைக்கு எல்லாருக்கும் அவன்தான் டீ சொன்னான்.