காதில் விழாத வரை

பரீட்சை நெருங்கினால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. திருச்சிக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். பாடத்தில் ஒரு பழைய அமெரிக்க நாவல். குடிகார அப்பனிடமிருந்து ஓடிவந்த பையனும், எஜமானியிடமிருந்து ஓடிவந்த அடிமையும் ஒரு தெப்பத்தில் ஆற்றோடு போகிறார்கள். வழியெல்லாம் பொய்தான். 'இந்நாவலில் ஏமாற்று' என்ற கேள்வி வராத வருடமில்லை. கைடு உபயத்தில் எல்லா விடைத்தாளிலும் ஒரே பதில்: பொய்யில் நல்லது உண்டு, கெட்டது உண்டு.

நல்ல பொய்க்கு உதாரணமும் கைடிலேயே இருக்கிறது. வெள்ளத்தில் மிதந்துவரும் வீட்டுக்குள் ஒரு பிணம். அது பையனின் அப்பன் என்று அடிமைக்குத் தெரிகிறது. முகத்தை மூடி, பார்க்காதே என்கிறான். கதை முடியும்போதுதான் உண்மையைச் சொல்கிறான். 'அன்பினால் மறைத்தார்' என்று எழுதினால் முழு மார்க். நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் பெண்ணின் கல்யாணத்துக்குப் பிறகு கை வரமாட்டேன் என்கிறது.

கல்யாணம் ஸ்ரீரங்கத்தில். மணமக்களை ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாட வேண்டியவள் துறையூரில் இருந்த என் அக்கா. முதல் நாள், மாப்பிள்ளை ஊர்வலம் வரும் ஜானவாசத்தன்று மத்தியானமே வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"ஜுரமாம். அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்" என்றார் என் கணவர். நாத்தனாரும் அதையே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் யாரோ போனைப் பார்த்து ஊஞ்சல் பாட்டைப் பாடி ஒப்பேற்றினார்கள். ஒரு ஜுரத்துக்கு இவ்வளவா என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அக்காவைத் திட்டித் தீர்த்தேன். கணவர் வீட்டு மனிதர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சம்பந்தி வீட்டார் கட்டுச்சாதக் கூடையோடு வேனில் ஏறிப் போன பிறகு கணவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். ஜானவாசத்தன்று காலையிலேயே அக்கா போய்விட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது.

எங்களவர்களிடம் இது வழக்கம்தான். சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. கூடப்பிறந்தவள் போனது தெரிந்தால் நான் மணையில் உட்கார முடியாது, கல்யாணம் நின்றுவிடும். அதனால், கணவர் வீட்டாரைப் போல, தெரிந்தாலும் தீட்டில்லாதவர்களுக்கு மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறினார்கள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டார்.

"போய் முகத்தைப் பாத்திருப்பேன்."

"கொழந்தை கல்யாணம்?"

கேள்வி நியாயம்தான். அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. உனக்காகத்தான் செய்தோம் என்பவர்களிடம் சண்டை போடக்கூட வழியில்லை.

இந்த வருடம் அதே பாடத்தை நடத்தும்போது மருங்காபுரிப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், அப்பா செத்தது தெரிஞ்சா பையன் ஊருக்குத் திரும்பியிருப்பான்ல? அந்த ஆளு தனியா மாட்டியிருப்பாரு. அவருக்காகவும்தானே மறைச்சாரு?"

"அன்பும் இருக்கலாம்" என்றேன்.

"இருக்கட்டும் மேடம். பாக்கணுமா வேண்டாமான்னு பையன்கிட்ட கேக்கவே இல்லையே."

அவளை உட்காரச் சொல்லிவிட்டேன். மேற்கொண்டு பாடம் ஓடவில்லை. காவிரிப் பாலத்தில் வண்டியில் திரும்பும்போது, யாரிடமும் சொல்லாத ஒன்று மறுபடி நினைவுக்கு வந்தது.

ஜானவாசத்தன்று சாயங்காலம் பொறுக்க முடியாமல் அக்கா போனுக்கு நானே கூப்பிட்டிருந்தேன். அவள் கணவர், அத்திம்பேர்தான் எடுத்தார். மகன் வரக் காத்திருந்து, அவளை அப்போது கூடத்திலேயே கிடத்தியிருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

"தூங்கறாம்மா" என்றார்.

"எழுந்ததும் சொல்லுங்கோ. நான் அவமேல ரொம்பக் கோவமா இருக்கேன்னு."



"சொல்றேன்" என்றார்.