பேஸ்மென்ற் பாம்புக்குத் தீன்

செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் பிராணிகளால் கரைச்சலோ தொந்தரவோ இல்லை. அவற்றை வைத்திருக்கிறவர்களால்தான் கரைச்சல். கவுண்டருக்குப் பின்னால் கால்கடுக்க நின்றவர்களுக்கு இது புதினமில்லை. மோர்னிங்சைட்டில் நான் வேலை செய்கிற கடையில் பாம்பும் ஆமையும் என் பொறுப்பு. சிவநேசன் அண்ணை அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார்.

எத்தனை கோடு

அண்ணை பக்கத்து ரூஜ் பகுதியில் தனி வீட்டில் இருப்பவர். மனைவி இறந்துவிட்டார், மகள் தூரத்துக் கல்கரியில். பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த மாணவன் ஒருநாள் சொல்லாமல் போய்விட்டான். அவனுக்குப் போன் எடுத்தால் மறுமொழி இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு பாம்பும் மட்டும் மிச்சம். அண்ணை கடைக்கு வந்து போனில் காட்டிய படத்தில் தொட்டியின் மூலைதான் தெரிந்தது.

"விசமோ தங்கச்சி?"

"நீளத்துக்கு மஞ்சள் கோடு ஓடுதோ? முதுகு நடுவிலை ஒண்டு, ரண்டு பக்கமும் ஒவ்வொண்டு?"

அவ்வளவு கிட்டப் போகவில்லை என்றார். அப்படி இருந்தால் அது கார்ட்டர் பாம்பு, இங்கே பூங்காக்களிலும் ஊர்வது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். பின்னேரம் கடைக்குப் போன் வந்தது.

"மூண்டுதான். நான் எண்ணி முடியுமட்டும் அசையாமல் என்னையே பாத்துக்கொண்டு கிடந்தது."

பால் குடிக்காது

அடுத்த நாள் நேரிலேயே வந்தார். கிண்ணத்தில் பால் வைத்தாராம், முட்டையும் வைத்தாராம். பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீரும் மண்புழுவும் போதும் என்றேன். உரக்குப்பையில் நெளியும் சிவப்புப் புழு கூடாது, அது இதற்கு நஞ்சு. பெரிய மண்புழுவைக் கழுவி, துண்டாக்கி, இடுக்கியால் நீட்டவேண்டும். ஒரு கோப்பை புழுவைக் கொடுத்து, பிரிட்ஜில் வைக்கச் சொன்னேன்.

மனைவி போனபிறகு மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாத மனிசன். கோப்பையை இரண்டு விரலால் தள்ளிப் பிடித்தார்.

"மனிசி இருந்திருந்தால் புழுவோடை சேத்து என்னையும் வெளியிலை விட்டிருப்பா. இப்ப ஏச ஆளில்லை."

பட்டினி

புழுவையும் அது தொடவில்லை. நான் மதியம் சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்து அண்ணை போன் எடுப்பார். பின்னறையில், மீன்தொட்டிப் பம்புகளின் இரைச்சலுக்குள்தான் என் சாப்பாடு. வீட்டிலும் நான் தனி. சில நாட்களில் என்னோடு தமிழில் கதைத்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

ஒருநாள் குரல் இறங்கியிருந்தது. "கண் ரண்டும் நீலம் பாரிச்சுப்போச்சு. சாகப்போகுதோ?"

"இல்லை அண்ணை, பழைய தோலை, செட்டையைக் கழட்டப்போகுது. அதுவரைக்கும் தின்னாது. ஒளிச்சிருக்க ஒரு பெட்டி வையுங்கோ. பக்கத்திலை இருந்து பாக்காதேங்கோ, ஆரும் பாத்தால் அதுக்குச் சாப்பாடு இறங்காது."

பெட்டி ஒன்றை இழுக்கும் சத்தத்தோடு அவர் குரல் வந்தது.

"எனக்கு ஆரும் பக்கத்திலை இருந்தால்தான் இறங்கும்."

உரியவன்

செட்டை கழன்றது. அடுத்த கிழமை புழுத்துண்டை இடுக்கியிலிருந்து பறித்தே தின்றதாம். அதைச் சொல்வதற்கென்றே பஸ் எடுத்து வந்தார். அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றைக்குத்தான்.

பிறகு அந்த மாணவன் வந்து நின்றான். தகப்பன் ஆஸ்பத்திரியில் என்று அவசரமாக ஊருக்குப் போனானாம். பாம்பு உயிரோடு இருக்கிறதைக் கண்டு அழுதானாம். நானே வைத்திருக்கட்டுமா என்று கேட்க அண்ணைக்கு வாய் வரவில்லை. தொட்டியைத் துடைத்து, மிச்சப் புழுவோடு அவன் காரில் ஏற்றிவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது மறுநாள் மதியப் போனில். வேறு பாம்பு பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"பாம்பு போயிட்டுது எண்டு போனை நிப்பாட்டோணுமோ? சரி அண்ணை, நீங்கள் சாப்பிட்டாச்சோ?"

பாம்புக்குக் கிழமைக்கு ஒருதரம் தீன் போட்டால் போதும். அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் மறுமொழி சொல்கிறவர்களுக்கும் அது போதாது.